ஏழாம் கலவை

கம்பவுண்டருக்கு எதையும் அளக்காமல் கலக்க வராது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்துக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் களிம்பும் இருமல் மருந்தும் கலந்த கை அது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், காபிக்குச் சர்க்கரை எடுத்தால் கரண்டி விளிம்போடு விரலால் வழித்துவிட்டுத்தான் போடுவார். "இது என்ன, ஆறு மணி நேரத்துக்கு ஒரு வேளை குடுக்கிற மருந்தா?" என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் தனக்குச் சர்க்கரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்படிப்பட்ட மனுஷர் கையில் மண்ணைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? மண்ணுக்கும் சீட்டு எழுதி ஒட்டினார்.

அந்தச் சீட்டுதான் பின்னால் அவரைக் கவிழ்த்தது.

முதலில் எல்லாம் வீட்டுப் பால்கனித் தொட்டிகளோடு நின்றது. ஒவ்வொரு முறை மண் கலக்கும்போதும் அதற்கு ஒரு நம்பர் கொடுப்பார். முதல் கலவை, இரண்டாம் கலவை என்று வரிசையாகப் போகும். சீட்டில் தோட்ட மண் எத்தனை வாளி, இலை மக்கு எத்தனை, தேங்காய் நார்த்தூள் எத்தனை, எரு எத்தனை, மணல் எத்தனை என்று எழுதுவார். கடைசி வரியில் 'பீன்ஸ் பரீட்சை: தேறியது' என்று போட்டுத் தேதியோடு கையெழுத்தும் இடுவார். கையெழுத்து மட்டும் மருந்துச் சீட்டில் இருப்பதுபோல் யாருக்கும் புரியாது.

பீன்ஸ் பரீட்சை அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ கொடுத்த எருவை நம்பித் தொட்டியில் போட்டுச் சூடுபட்டவர். இரண்டே வாரத்தில் தக்காளித் தளிரெல்லாம் விரலை மடக்கினாற்போல் உள்ளே சுருண்டு, காம்பு முறுக்கிக்கொண்டு நின்றது. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புல்வெளியில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அதில் களை சாகும், புல் சாகாது. அந்தப் புல்லைத் தின்கிற மாட்டுக்கோ குதிரைக்கோ ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மருந்து அப்படியே சாணத்தோடு வெளியே வந்து, சாணம் மக்கி எருவான பிறகும் போகாமல் உட்கார்ந்திருக்கும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் பீன்ஸுக்கும் அது ஆகவே ஆகாது. எருவைக் கண்ணால் பார்த்தாலும் தெரியாது, மோந்து பார்த்தாலும் தெரியாது. புதுக் கலவையில் மூன்று தொட்டி, நம்பகமான பழைய மண்ணில் மூன்று தொட்டி என்று வைத்து, ஆறிலும் பீன்ஸ் விதை போட்டு மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் வளர்ந்தால் எரு சுத்தம்.

இதைக் கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். மாடிப்படியில் காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறுகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னார். முழுசாகக் காதுகொடுத்துக் கேட்டது ஒரே ஒரு ஆள்தான். அவருடைய மைத்துனி.

மனைவியின் தங்கை அவள். அதே கட்டடத்தில் நாலாவது மாடியில் தனியாக இருந்தாள். நாற்பத்தெட்டு வயது. கணவர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த துணிக்கடையை ஒரு நாள் காலையில் இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் அவளும் தன் கதவைத் திறக்கவில்லை. அப்புறம் எப்படியோ நாற்று வளர்க்கிற பைத்தியம் பிடித்தது. முட்டை அட்டையிலும் காகிதக் கோப்பையிலும் விதை போட்டுப் பால்கனி முழுக்க அடுக்கினாள். அவள் கை நாற்று பென்சில் கனத்துக்கு நிமிர்ந்து நிற்கும். தக்காளி நாற்று வேண்டும், மிளகாய் நாற்று வேண்டும் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தன் கதவை யாரோ தட்டுகிறார்கள் என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடம் புதிதாகத் தோட்டம் போடப்போகிறது, முந்நூறு நாற்று வேண்டும் என்று தலைமையாசிரியை நேரில் வந்து கேட்டுவிட்டுப் போனபோது, அவள் இரண்டு மாடி இறங்கி ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் கட்டடத்தின் பின்புறம் இருந்த பழைய கார் கொட்டகையை இடித்தார்கள். இடித்த இடத்தில் ஆறு வீட்டுக்கு ஆறு பாத்தி போடலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் முடிவாயிற்று. தரை முழுக்கக் கான்கிரீட், கைப்பிடி மண் கிடையாது. அதனால் முழங்கால் உயரத்துக்குப் பலகை அடித்து, உள்ளே மண் கலந்து நிரப்ப வேண்டும். கூட்டத்தில் எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மண்ண எங்கிட்ட விட்டுடுங்க. வர்ற மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நாத்து நடுறோம்," என்றார். யாரும் கேட்காத தேதியை அவராகச் சொன்னார்.

வழக்கமாக எரு கொடுக்கிற ஆளிடம் ஆறு பாத்திக்குப் போதுமான எரு இல்லை. ஊர் ஓரத்தில் குதிரை ஏற்றம் பழக்குகிற இடம் ஒன்று இருந்தது. அங்கே போனார். கறுப்பாக, உதிரியாக, வாசனையே இல்லாமல் மக்கிய எரு மலைபோல் கிடந்தது. லாயத்துக்காரன் நல்லவன். எட்டு மூட்டை கட்டிவிட்டுச் சொன்னான்: "ஐயா, இந்த வருஷம் புல்லு வேற எடத்துலேருந்து வந்துச்சு. என்ன அடிச்சிருக்காங்களோ தெரியாது. காய்கறிக்குன்னா கொஞ்சம் வச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"தம்பி, எனக்கேவா?" என்று சிரித்தார் கம்பவுண்டர்.

வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பரீட்சைக்கு இருபத்தொரு நாள் வேண்டும். தேதியைத் தள்ளிப்போடலாம்தான், ஆனால் எல்லாரிடமும் போய்ச் சொல்ல வேண்டும். முதல் மாடித் தையல்காரம்மா இப்போதே அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். எருவை ஒரு பிடி எடுத்து மோந்தார். பிரமாதமாக இருந்தது. மோந்து பார்த்தால் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் மோந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை தார்ப்பாயை விரித்துக் கலந்தார்கள். மண் மூன்று வாளி, இலை மக்கு இரண்டு, நார்த்தூள் இரண்டு, எரு இரண்டு, மணல் ஒன்று. பாயின் எதிரெதிர் முனைகளை இரண்டு பேர் பிடித்து மாறி மாறித் தூக்க, மண் புரண்டு புரண்டு கலந்தது. தண்ணீர் தெளித்து ஒரு பிடி எடுத்து இறுக்கிக் காட்டினார் கம்பவுண்டர். கையைத் திறந்தால் உருண்டையாக நின்றது, விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது. "இதுதான் பதம்," என்றார். மூன்றாம் மாடிக் கண்டக்டர், முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர், வாளி வாளியாகக் கொட்டும்போதெல்லாம் "முன்னாடி போங்க, முன்னாடி எடம் இருக்கு!" என்று மண்ணை விரட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அப்படி ஒரு நாள் அந்தக் கட்டடத்தில் அதுவரை வந்ததில்லை.

ஐந்து பாத்தி நிரம்பியதும் எரு தீர்ந்துவிட்டது. வண்டியில் இடமில்லாமல் விட்டு வந்த இரண்டு மூட்டை திங்கட்கிழமைதான் வரும். ஆறாவது பாத்தி கண்டக்டருடையது. அதில் எருவுக்குப் பதில் இலை மக்கையே கூடப் போட்டு நிரப்பினார். ஆனால் சீட்டு முந்தின நாளே ஆறும் ஒன்றுபோல் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தயாராக இருந்தது. 'ஏழாம் கலவை' என்று தலைப்பு. கடைசி வரியில் 'பீன்ஸ் பரீட்சை: தேறியது' என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டிருந்தார். எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். நடுங்கவில்லை.

மறுநாள் மைத்துனியின் நாற்றுகளை நட்டார்கள். எல்லாம் ஒரே தட்டில் முளைத்த தக்காளியும் மிளகாயும். அவளே ஒவ்வொன்றாகக் குழி பறித்துக் கொடுத்தாள்.

பதினாறாம் நாள் காலை மனைவி ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். "கீழ என்னமோ எல்லாரும் நின்னுட்டிருக்காங்க. போய்ப் பாருங்களேன்."

இறங்கிப் போனார். தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. தளிர்கள் விரலை மடக்கிக்கொண்டிருந்தன. ஐந்து பாத்தியிலும் அப்படித்தான். ஆறாவது மட்டும் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது. பார்த்த அந்த நிமிஷமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் செய்த தப்பு என்று பின்னால் ஒருநாளும் அவர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியவில்லை.

"மண்ணுல எதாவது இருக்குமா சார்?" என்று கேட்டாள் தையல்காரம்மா. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அவர் விரல் தானாகவே சீட்டின் கடைசி வரிக்குப் போனது. "மண்ணு பரீட்சையில தேறின மண்ணு. எழுதியே போட்டிருக்கேன்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது இலைச்சுருட்டு வைரஸ். நாத்துலயே வந்திருக்கணும்," என்றார்.

மைத்துனி பின்னால்தான் நின்றிருந்தாள். "அத்தான், எல்லாம் ஒரே தட்டு நாத்துதானே? ஆறாவது பாத்தி நல்லா இருக்கே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அது வேற தட்டா இருந்திருக்கும். உனக்கு ஞாபகம் இருக்காது." அதுவும் போதவில்லை அவருக்கு. "தொழில் தெரியாம ஆசைக்குப் பண்றதுல இதெல்லாம் சகஜம்மா," என்று சேர்த்துக்கொண்டார்.

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு படியேறிப் போனாள். அன்று சாயங்காலம் மனைவி தன் தங்கையிடம் போனில், "நோய் பிடிச்ச நாத்துன்னா குடுத்தே இருக்கக் கூடாதுடி, இவருக்கு எவ்வளவு தலைக்குனிவு தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

இத்தோடு போயிருந்தால் இது பயந்த மனுஷன் கதை. போகவில்லை.

ஆறாவது பாத்தி அவரைத் தூங்க விடவில்லை. நாளுக்கு நாள் அது கொழுத்தது. பூகூட வைத்துவிட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார்கள். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள், 'இதே நாத்து, இதே சீட்டு, இது மட்டும் எப்படி?' என்று யாராவது யோசிக்கத்தான் போகிறார்கள். திங்கட்கிழமை வந்து சேர்ந்த இரண்டு மூட்டை எரு மாடிப்படிக்குக் கீழே அப்படியே கிடந்தது.

நாலாம் நாள், பகல் பதினோரு மணிக்கு, எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு வாளி எருவோடு பின்புறம் போனார். ஆறாவது பாத்தியின் ஓரத்தில் வாளியை வைத்தார். குனிந்தார், நிமிர்ந்தார். மறுபடி குனிந்தபோது கண்டக்டர் பல் குத்திக்கொண்டே வந்து நின்றார்.

"கம்பவுண்டர் சார்! எனக்கா எரு?"

"சும்மா... மேல கொஞ்சம்," என்றார் இவர். முகத்தில் ஈயாடவில்லை.

"அடடா! இத்தன பேருல என் பாத்திய மட்டும் தனியாக் கவனிக்கிறீங்களே சார். ரொம்ப நன்றி சார். நகருங்க, நகருங்க, நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க?" என்று வாளியை வாங்கிக்கொண்டார் கண்டக்டர். ஒவ்வொரு செடிக்கும் தூரைச் சுற்றிக் கைப்பிடியாக வைத்து, விரலால் கிளறி மண்ணோடு சேர்த்து, தண்ணீரும் ஊற்றினார். "டிக்கெட் கிழிச்ச கை சார். இப்பத்தான் மண்ணு கிழிக்கக் கத்துக்குது!"

வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். கம்பவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுசையும் பார்த்துவிட்டு, காலி வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பத்து நாளில் ஆறாவது பாத்தியும் சுருண்டது. வைரஸ் பரவிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் முட்டை அட்டைகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்ததை ஒருநாள் பார்த்தார். உள்ளே பள்ளிக்கூடத்துக்காக முளைக்கவைத்த நாற்றுகள் வாடிக் கிடந்தன, எல்லாம் பென்சில் கனம். அன்றிலிருந்து குப்பை கொட்ட மனைவியைத்தான் அனுப்பினார். நாலாம் மாடிக்காரி இறங்கும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, அவள் போன பிறகு வெளியே வருவார். சாப்பிடும்போது தட்டைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. காபியில் சர்க்கரை போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை போன் செய்தார். மனைவி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், உங்க மச்சினி நாத்து வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். பிள்ளைங்க தோட்டம் பாருங்க, நோய் வந்தா கஷ்டம். ஆனா மண்ணு நீங்கதான் கலந்து குடுக்கணும். உங்க சீட்டைப் பத்தித்தான் எல்லாரும் சொல்றாங்க. வாசல்லயே ஒரு போர்டு எழுதி, உங்க பேரையும் போட்டுடலாம்."

போனை வைத்தார். மனைவியின் கண் கலங்கியிருந்தது. "அவளுக்குத்தான் குடுத்து வைக்கல. உங்களையாவது மதிக்கிறாங்களே," என்றாள்.

அந்த 'மதிக்கிறாங்களே' அவர் உடம்பில் எங்கேயோ போய்த் தைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். முட்டி வலிதான் காரணம் என்று கைப்பிடிச் சுவரிடம் சொல்லிக்கொண்டார்.

மைத்துனி கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டாள். கூடம் துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது. நாற்றுத் தட்டு இருந்த மேஜையில் இஸ்திரிப் பெட்டி மட்டும்தான்.

"உக்காருங்க அத்தான்."

அவர் உட்காரவில்லை. "உன் நாத்துல ஒண்ணும் இல்லம்மா. எரு... குதிரை எரு. களைக்கொல்லி இருந்திருக்கு. லாயத்துக்காரன் சொன்னான், நான் கேக்கல. பரீட்சையே வைக்கல. வைக்காமலே தேறியதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். அப்புறம் பழிய உன் தலையில போட்டேன்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது வியர்த்துவிட்டது. ஆனால் ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்தாற்போல் லேசாகவும் இருந்தது. தான் அவ்வளவு மோசமில்லையோ என்றுகூட ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது.

அவள் அழவில்லை, கத்தவில்லை. "அவ்வளவுதானா அத்தான்?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான்."

"இப்படி வாங்க," என்று பால்கனிப் பக்கம் நடந்தாள்.

பால்கனியில் கைப்பிடிக்குக் கீழே ஆறு சின்னத் தொட்டிகள் இருந்தன. மூன்றில் பீன்ஸ் இலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. மூன்றில் கொடி முறுக்கிக்கொண்டு, இலை விரலை மடக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் சீட்டு, அவர் எழுதுகிற மாதிரியே. விரிந்ததில் 'பழைய மண்', சுருண்டதில் 'ஏழாம் கலவை, மாடிப்படி மூட்டை எரு.' விதை போட்ட தேதி, அவர் எல்லார் முன்னாலும் அவளைப் பேசின நாளுக்கு மறுநாள்.

"இதைச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே," என்றாள். "ரெண்டு வாரத்துலயே தெரிஞ்சுபோச்சு. இதைத் தூக்கிக்கிட்டு வந்து எல்லார் முன்னாலயும் வைக்கத் தெரியாதா எனக்கு? வச்சா அக்கா மொகம் என்னாகும்? நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். யார் கதவத் தட்டினாலும் அத்தானாத்தான் இருக்கும்னு எந்திரிச்சு ஓடுவேன்."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் கீழே பார்த்தார். நேர் கீழே ஆறாவது பாத்தி. எட்டிக் குதித்தால் அதன் நடுவில்தான் விழ வேண்டும். பால்கனிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கும் துணிதான் காயப்போட்டுட்டு இருந்தேன்," என்றாள் மைத்துனி. "பதினோரு மணிக்கு."

அவர் காது இரண்டும் எரிந்தது. மருந்துக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம், யாரும் பார்க்காத இடத்திலும் ஒரு சொட்டு கூடக் குறையக் கலக்கவில்லை என்று பெருமை அடித்துக்கொண்டவர். இப்போது, கேட்ட கேள்விக்கு, இந்த நிமிஷம்கூட, 'அவ்வளவுதான்' என்று சொன்னவர். அறுபத்து நாலு வயதில் இப்படி ஒரு ஆளாகத் தான் நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"வாளியையும்... நான்தான் கொண்டுபோனேன்," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"எங்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே." அவள் குனிந்து விரிந்த தொட்டி ஒன்றும் சுருண்ட தொட்டி ஒன்றும் எடுத்து அவர் இரண்டு கையிலும் கொடுத்தாள். "கீழ கொண்டுபோங்க அத்தான். படி பாத்து எறங்குங்க."

கைக்கு ஒரு தொட்டியாக மண்ணைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி இறங்குவது லேசில்லை. கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை. இரண்டாம் மாடியில் தன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மனைவி வாசலில் நின்று தொட்டிகளைப் பார்த்தாள், சீட்டைப் படித்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் பீன்ஸ் பரீட்சையைக் காது புளிக்கக் கேட்டவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மேலே தங்கை வீட்டுக்கு ஏறினாள். அவர் கீழே இறங்கினார்.

பின்புறம் கண்டக்டர் ஆறாவது பாத்தியின் முன்னால் உட்கார்ந்து, சுருண்ட இலைகளைக் கிள்ளி ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். கம்பவுண்டரைப் பார்த்ததும் பரபரவென்று எழுந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். உங்க மொகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். நீங்க தனியாக் கவனிச்சு எரு குடுத்தீங்க. நான்தான் அவசரப்பட்டுத் தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்தி எல்லாத்தையும் அழுக வச்சுட்டேன். எனக்குச் செடி கொடி ராசியில்ல சார்."

கம்பவுண்டர் இரண்டு தொட்டிகளையும் பலகை விளிம்பில் வைத்தார். பாத்தியில் குத்தியிருந்த சீட்டைப் பிடுங்கினார்.

"உங்க கை ஒண்ணும் பண்ணல. தண்ணியும் ஒண்ணும் பண்ணல. ஆறுல இது ஒண்ணுதான் நல்ல மண்ணா இருந்துச்சு. அதனாலதான் அன்னிக்கு அந்த வாளியக் கொண்டுவந்தேன். அந்த எரு செடியச் சுருட்டிடும்னு தெரிஞ்சேதான் கொண்டுவந்தேன். இது நல்லா இருந்தா நான் மாட்டிக்குவேன். என் மச்சினி நாத்துல எந்த நோயும் இல்ல."

கண்டக்டருக்கு உடனே புரியவில்லை. தொட்டிகளை மாறி மாறிப் பார்த்தார். பிறகு மண் ஒட்டியிருந்த தன் விரல்களைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னேன் சார்," என்றார்.

கம்பவுண்டர் தலை நிமிரவில்லை. மேலே பால்கனியில் அக்காவும் தங்கையும் நிற்பது நிமிராமலே தெரிந்தது. தையல்காரம்மா ஜன்னலைத் திறந்து, "என்ன சார், என்ன தொட்டி அது? நாத்தா?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர் சுருண்ட தொட்டியை எல்லாருக்கும் தெரியும்படி முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.